தாக்குப்பிடித்தலும் வைராக்கியமும்: கொங்கு நாட்டு எழுத்தில் ஒடுக்குமுறை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இருபது பேர் அளவில் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், தோட்டம் பார்க்கிறவர்கள், கல்லூரியில் படிக்கும் பெண்கள் என்று பலரும் வருவார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்வைச் சொல்லும் நூல்களை எடுக்கும்போதெல்லாம், ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே குறித்து வைத்து, நான் சொல்லிவந்த பதில்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நம்ம வீட்லயே வேணுங்கற அளவுக்குக் கஷ்டம் இருக்குதுங்க. இன்னொருத்தர் கஷ்டத்தை எதுக்குங்க காசு குடுத்து வாங்கிப் படிக்கணும்?

நம்முடைய துன்பத்தை நாம் உள்ளிருந்து அறிவோம். ஆனால் அது எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது, ஏன் நம் வீட்டு வாசலில் மட்டும் நின்றது என்பவற்றைப் பெரும்பாலும் அறிய மாட்டோம். அடிபட்டவருக்கு வலி தெரியும் அளவுக்கு அடித்த கை தெரிவதில்லை. நல்ல நாவல் அந்தக் கையையும், அது ஓங்கப்பட்ட இடத்தையும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்துக் காட்டுகிறது. பிறகு நம் வீட்டுக் கதையைத் திரும்பிப் பார்க்கையில், தலையெழுத்து என்று நினைத்திருந்ததில் பாதி மனிதர்கள் எழுதிய எழுத்து என்பது விளங்கத் தொடங்குகிறது.

கஷ்டம் எல்லாமே ஒடுக்குமுறைதானா? மழை பெய்யாததுகூடவா?

மழை பொய்த்து மேட்டாங்காட்டில் சோளம் கருகினால் அது கஷ்டம். அந்த வறட்சியில் வாங்கிய சிறு கடனுக்காக ஒருவர் தம் எட்டு வயது மகனைப் பண்ணையத்தில் விட்டு, அந்தப் பையன் ஆடு மேய்த்தே வளர்ந்து ஆளான பின்பும் கணக்கு தீரவில்லை என்று சொல்லப்பட்டால் அது ஒடுக்குமுறை. முன்னதில் எவருக்கும் ஆதாயமில்லை. பின்னதில் ஒருவருக்கு ஆதாயம் இருக்கிறது; அவர் நினைத்தால் அன்று மாலையே அதை நிறுத்தியிருக்கவும் முடியும். எங்கள் கூட்டத்தில் இந்த இரண்டையும் வைத்தே பிரித்துப் பார்க்கிறோம்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அதற்கு முன்பு அம்முறைக்குக் கொங்கு நாட்டில் பெயர்கூடத் தனியாக இல்லை. 'பண்ணையத்துக்கு ஆள் விடுவது' என்பார்கள். அந்தச் சொல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததே அதன் கொடுமை.

இந்தக் கொடுமையையெல்லாம் தாங்கி நிக்கறதுக்குச் சொல் என்னங்க? 'மீண்டெழுதல்'னு எழுதறாங்க, எங்களுக்கு அது ஒட்டவே மாட்டேங்குது.

எனக்கும் ஒட்டவில்லை. நம் வீடுகளில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, தாக்குப்பிடிப்பது. பஞ்சத்தையும் பிணியையும் அடியையும் கடந்து உயிரோடு இருப்பது அது. மாட்டுக்கும் மரத்துக்கும்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். இன்னொன்று வைராக்கியம். 'வைராக்கியமாக இருந்து பிள்ளைகளை ஆளாக்கினாள்' என்று சொல்லும்போது, அவள் உயிரோடு இருந்தாள் என்று மட்டும் நாம் சொல்வதில்லை. ஒன்றை விடாமல் பிடித்திருந்தாள் என்று சொல்கிறோம். அது ஒரு பங்காக இருக்கலாம், ஒரு பெயராக இருக்கலாம், 'நடந்தது இது' என்ற ஒற்றைச் சொல்லாகவும் இருக்கலாம். இனி வரும் பதில்களில் இந்த இரண்டு சொற்களையும் இந்தப் பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலிலிருந்து தொடங்குங்கள். 1942-இல் வந்தது, சிறியது, இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம், நம் பேச்சிலேயே அமைந்தது. அடுத்து, பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', பண்ணையத்தில் விடப்பட்ட அருந்ததியர் சிறுவன் ஒருவனின் உலகம். கொல்லிமலை மக்களின் போராட்டத்தைச் சொல்லும் கு. சின்னப்ப பாரதியின் 'சங்கம்', குடிநாவிதர்களின் வாழ்வைச் சொல்லும் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்', சத்தியமங்கலம் காட்டுப் பழங்குடியினரைப் பற்றிய ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' ஆகியவற்றை அதன்பின் படிக்கலாம். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களை அறிய, பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' இருக்கிறது.

நாகம்மாள் கடைசியில் தோத்துத்தானே போறா? அதுல என்ன வைராக்கியம் இருக்குது?

எங்கள் கூட்டத்தில் மிக நீண்ட நேரம் பேசப்பட்ட கேள்வி இது. கணவனை இழந்தவள், ஒரு பெண் குழந்தையோடு கொழுந்தன் குடும்பத்தில் இருப்பவள், தன் கணவனின் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். கதையில் நடப்பது அவ்வளவுதான். அவளைத் தூண்டிவிடுகிறவர்களுக்கு வேறு கணக்குகள் இருக்கின்றன. பேச்சு பகையாகி, முடிவில் ஓர் உயிர் போகிறது. நாகம்மாளை ஆசிரியர் தெய்வமாக்கவில்லை, அவள் கோபத்தையும் பிடிவாதத்தையும் மறைக்கவும் இல்லை. நியாயமான கோரிக்கையை வைப்பவர் குறையே இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஒடுக்குமுறையின் பழைய தந்திரம். நாவல் அதற்கு இணங்கவில்லை.

அவள் கேட்ட காலத்தையும் நினைவில் வையுங்கள். இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937-இல் வந்து, கணவனின் பங்கில் விதவைக்கு வாழ்நாள் உரிமை தந்தது. ஆனால் அது மாகாணங்களின் வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணத்தில் அந்த உரிமை வேளாண் நிலத்துக்கும் நீட்டிக்கப்பட்டது 1947-இல்தான். நாவல் வெளிவந்தது இந்த இடைவெளியில். உழுது விதைக்கும் காட்டில் பங்கு கேட்ட பெண்ணுக்கு அன்று சட்டம் துணையில்லை, சாதிக் கட்டு துணையில்லை, வீட்டார் துணையில்லை. வாய்விட்டுக் கேட்டாள் என்பதே அங்கே ஒரு நிகழ்ச்சி. முடிவை மட்டும் வைத்து அவளை எடைபோட்டால், கேட்காமலேயே செத்துப்போன ஆயிரம் பேரும் அவளும் ஒன்றாகிவிடுவார்கள்.

எங்க ஆத்தா எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டாங்க. அந்தப் பொறுமைதானுங்களே பெரிய பலம்?

உங்கள் ஆத்தாவின் பொறுமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொறுமையைப் புகழ்வது யார் என்று ஒருமுறை பாருங்கள். அதனால் ஆதாயம் அடைந்தவர் வாயிலிருந்து வரும் புகழ்ச்சி என்றால், எனக்கு அதில் அச்சம் உண்டு. 'அவர்கள் எதையும் தாங்குவார்கள்' என்ற பாராட்டுக்கு அடுத்த வரியே 'ஆகவே இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்' என்பதாக இருந்திருக்கிறது.

கோவை மத்திய சிறையில் வ.உ.சிதம்பரனார் இழுத்த செக்கை எண்ணிப்பாருங்கள். நம் ஊர்களில் செக்கைச் சுற்றி வந்தவை காளைகள். அவற்றின் கால்பட்டுத் தேய்ந்த வட்டத் தடத்தை என் தலைமுறையினர் பார்த்திருக்கிறோம். நுகத்தடியை இறக்கிய பின்பும் மாடு சிறிது நேரம் அதே வளைவில் கால் வைக்கும். அந்த வட்டத்தில் ஒரு வழக்கறிஞரை, கப்பல் கம்பெனி நடத்தியவரை, 1908-இல் நிறுத்தினார்கள். 1910 இறுதியில் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்படும்வரை அவர் கோவையில் இருந்தார். தாக்குப்பிடித்தார் என்பதோடு கதை முடியவில்லை. சிறைவாசத்தின்போதே ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். கண்ணூரில் 'மெய்யறம்' எழுதினார். நடந்தவற்றைப் பின்னாளில் செய்யுளில் சுயசரிதையாக வைத்தார். உடல் அந்த வட்டத்தில் நடந்தது. மனத்தையும் அதில் பூட்டுவதற்கு அவர் விடவில்லை.

இங்கே ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருடைய கப்பல் போயிருந்தது, வழக்கறிஞர் உரிமம் போயிருந்தது, வரவேற்கவும் கூட்டம் இல்லை. சிறு வணிகம் செய்து குடும்பத்தைத் தள்ளினார். உரிமம் திரும்பக் கிடைக்க உதவிய ஆங்கில நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஒடுக்குமுறை சிறைக்கதவோடு முடிவதில்லை என்பதற்கு அந்தப் பிந்தைய ஆண்டுகளே சான்று. செக்கை மட்டும் பேசி அந்த ஆண்டுகளை விட்டுவிடுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

எழுதப் படிக்கத் தெரியாதவங்க என்ன பண்ணுனாங்க? அவங்களுக்கு ஏதுங்க இலக்கியம்?

உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணமார் கதையைக் கேட்காத கொங்கு ஊர் குறைவு. அது பொன்னர், சங்கர் என்னும் நிலவுடைமைக் குடும்பத்து வீரர்களின் கதைதான். ஆனால் அதற்குள் சாம்புவன் இருக்கிறான். எல்லாப் போர்களிலும் உடன் நின்றும், பந்தியில் உடன் உட்காராதவன். கதையை அவன் நின்ற இடத்திலிருந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள், வேறொரு கதை கிடைக்கும். ஒப்பாரியும் அப்படித்தான். உயிரோடிருந்த கணவனிடமும் மாமியாரிடமும் சொல்ல முடியாத வழக்கை, பிணத்தின் முன் உட்கார்ந்து ஊர் கேட்கச் சொல்வதற்குப் பெண்களுக்கு இருந்த ஒரே மன்றம் அது.

'சோளகர் தொட்டி'யைப் பாதியிலேயே மூடி வச்சுட்டேன். என்னால முடியல. படிச்சே ஆகணுமா?

வேண்டாம். மூடி வைத்ததில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. நான் இரண்டாம் பாகத்தை முடிக்க ஏழெட்டு வாரம் ஆயிற்று. வீரப்பனைத் தேடுவதாகச் சொல்லித் தமிழக, கர்நாடக அதிரடிப் படையினர் மலைக் கிராம மக்கள் மீது நடத்திய சித்திரவதை அதில் வருகிறது. அதை ஒரே மூச்சில் படித்து முடிப்பது தைரியமும் அல்ல.

முடிந்தால் முதல் பாகத்துக்குத் திரும்புங்கள். காடு, தேன், வேட்டை, கொத்துக்காடு, பாட்டு, நிலம் மெல்லக் கைநழுவும் விதம் ஆகியவை அங்கே இருக்கின்றன. இரண்டாம் பாகத்தில் எது உடைக்கப்பட்டது என்பது முதல் பாகத்தை அறிந்தவருக்கே தெரியும். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு இந்தக் கொடுமைகளை விசாரித்தது. 2007-இல் ஆணையம் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆணையத்தின் தாளில் அவர்கள் 89 பேர். நாவலில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடிசையும், பயிரும், பேரப்பிள்ளையும் உண்டு. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

கதை எழுதி என்ன மாறுச்சு? மாத்தறதெல்லாம் கோர்ட்டுதானே?

நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்வோம். கொங்கின் வடக்கே, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்து மலைவாழ் மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், எஞ்சிய 215 பேருக்குத் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். முதல் தீர்ப்புக்கு 19 ஆண்டுகள், மேல்முறையீட்டின் முடிவுக்கு 31 ஆண்டுகள்.

அந்த ஆண்டுகள் முழுவதும் அந்தப் பெண்கள் நடந்ததை நடந்தபடியே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வைராக்கியம் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. இவ்வளவு காலம் ஒரு சொல் மாயாமல் இருக்க வேண்டுமானால் அதைக் கேட்க ஆட்கள் வேண்டும். நாவலும் பாட்டும் நாடகமும் செய்வது அந்த வேலை: தீர்ப்பு வரும்வரை கேட்கிறவர்களைக் கலைந்துபோகாமல் வைத்திருப்பது. தீர்ப்பே வராத வழக்குகளில் அவை மட்டுமே மிஞ்சும்.

பாதிக்கப்படாதவங்க எழுதலாங்களா? அது அவங்க வலியை வித்துப் பிழைக்கறதாகாதா?

சந்தேகம் நியாயமானது. 'எரியும் பனிக்காடு' எழுதியவர் மருத்துவர், கூலி அல்லர். 'சோளகர் தொட்டி' எழுதியவர் வழக்கறிஞர், சோளகர் அல்லர். ஆனால் இருவரும் எழுதுவதற்கு முன் அந்த மக்களுக்கு வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார், மற்றவர் மனித உரிமைப் பணியில் இருந்தார். எழுத வேண்டும் என்பதற்காக மட்டும் போய்க் கதை பொறுக்கி வந்தவர்களின் நூலில் ஒரு குறி தெரியும்: அதில் பாதிக்கப்பட்டவர் அழுவார், ஆனால் சிரிக்க மாட்டார், கணக்குப் போட மாட்டார், யாரையும் ஏமாற்றவும் மாட்டார்.

உள்ளிருந்து எழுதுவதன் வலு தனி. 'நீர்வழிப் படூஉம்' நாவலில் காரு மாமாவைப் பற்றிச் சொல்வது உறவுக்காரக் குரல். அத்தை, மாமன், பெரியம்மா என்று உறவு சொல்லி அழைத்துக்கொள்கிறவர்களின் சண்டையும் தாயக்கட்டமும் அந்த நாவலில் எவருடைய அனுதாபத்தையும் கேட்காமல் நிற்கின்றன.

இப்படி எழுதறது நம்ம ஊரையும் நம்ம சனத்தையும் கேவலப்படுத்தறதா ஆகாதுங்களா?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் என்னைப் போல நிலம் இருந்த வீட்டில் பிறந்தவர். ஆகவே என் வீட்டையே சொல்கிறேன். என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இரக்கமுள்ளவர் என்று ஊரில் பெயர். கோடையில் பண்ணையத்தாள் தண்ணீர் கேட்டு வாசலில் நிற்பார். அம்மாயி சொம்பை ஒரு முழ உயரத்தில் பிடித்து ஊற்றுவார். அவர் குனிந்து, இரு கைகளையும் வாயருகே குவித்துக் குடிப்பார். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து மண்ணில் சொட்டும். 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா' என்று அம்மாயி அன்பாகத்தான் கேட்பார். அந்தப் பண்ணையத்தாளுக்கு எங்கள் அப்புச்சியின், அதாவது தாத்தாவின், வயது. நான் ஆறு வயதில் அவரைப் பெயர் சொல்லி, 'வாடா' என்று அழைத்திருக்கிறேன். 'கூளமாதாரி' படித்த அன்று இரவு அந்த முழங்கைத் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. என் ஊரைக் கேவலப்படுத்தியது அந்தச் சொம்பின் உயரம். நாவல் அதை அளந்தது, அவ்வளவே.

'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு எழுந்து, 2015 ஜனவரியில் அதன் ஆசிரியர் பெருமாள்முருகன் தம்மில் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்ததை அறிவீர்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், நூல் பிடிக்காதவர் அதைத் தள்ளிவைக்கலாம், எழுத்தாளர் எழுதட்டும் என்ற பொருள்படத் தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுதினார். அந்த ஒன்றரை ஆண்டு மௌனத்துக்கு நம் வட்டாரத்தில் பலரும் காரணம், பேசாமல் இருந்த நானும் சேர்த்துத்தான்.

இதெல்லாம் பழைய கதைங்க. இப்ப யாரு அப்படி இருக்கறாங்க?

நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, இறுதியில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று பேசி எடுத்தது அவ்வளவு பழையதன்று. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பெண் அப்படி இரண்டு ஆண்டு பத்து மாதம் இருந்து, காய்ச்சலில் வீட்டுக்குப் போனதால் தொகை முழுவதையும் இழந்தவர். எட்டுப் பேர் படுத்த அறையின் சுவரில் நாள்களைக் கோடு போட்டு வைத்திருந்ததாகவும், விடுதி வார்டன் சுண்ணாம்பு அடித்து அழித்த பின் பாவாடை நாடாவில் முடிச்சுப் போட்டு எண்ணியதாகவும் சொன்னார். இரண்டாம் கேள்வியின் பதிலில் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். யாருக்கு ஆதாயம், யாரால் நிறுத்த முடியும்?

பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா?

பதினைந்து வயதுக்கு மேல் 'நாகம்மாள்' நாவலும் 'கூளமாதாரி'யும் கொடுக்கலாம், நீங்களும் உடன் படித்தால். 'சோளகர் தொட்டி' இப்போது வேண்டாம்.

எங்க ஆத்தா பண்ணையத்துல இருந்தவங்க. அவங்களைப் பத்தி எழுதணும்னு ஆசை. எப்படிங்க ஆரம்பிக்கறது?

'எவ்வளவு கஷ்டப்பட்டீங்க' என்று தொடங்க வேண்டாம். அதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். வருசக் கூலி எத்தனை வள்ளம், என்ன தானியம், யார் அளந்தார்கள், அளக்கும்போது வள்ளத்தின் தலையை வழித்தார்களா என்று கேளுங்கள். ஆடுகளுக்கு என்ன பெயர் வைத்திருந்தார், எந்தக் கிணற்றில் குளித்தார், எதற்குச் சிரித்தார், யாருக்குத் தெரியாமல் எதை எடுத்துத் தின்றார் என்று கேளுங்கள். சொல்வதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். அவர் கோபப்படாத இடத்தில் நீங்கள் அவருக்காகக் கோபப்பட்டு எழுத வேண்டாம்.

எழுதி முடித்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படிப் படித்துக் காட்டியபோது, அவருடைய ஆத்தா எதையும் எடுக்கச் சொல்லவில்லை. அந்தக் கவுண்டச்சியின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாயே, அதையும் போடு என்றார்.